டெக் லாக்ல (ஏர்ப்ளேன் கோளாறு எழுதற புக்கு) "நில்", அதாவது குறை எதுவும் இல்லைன்னு, போட்டுட்டு இறங்கின அனுபவம் யாருக்காவது இருக்கா?

வலதுசீட்டு:
ரொம்ப நாளா மனசுல கிடக்கு, சொல்லிடறேன். ஏ320, அன்னிக்கு நாலாவது செக்டர் (நாலாவது ட்ரிப்பு), நான் எஃப்ஓ, அதாவது கோ-பைலட், ட்ரெய்னிங் முடிஞ்சு லைன் ரிலீஸ் ஆகி எட்டு மாசம். க்ளைம்ப்ல இன்ஜின் 1 ப்ளீட் (கேபினுக்கு இன்ஜின்ல இருந்து காத்து எடுக்கற சிஸ்டம்) ஃபால்ட் வந்துச்சு, ஈகாம் ஸ்க்ரீன்ல வந்த செக்லிஸ்ட்ட பண்ணோம், ரீசெட் போட்டோம், போயிடுச்சு. இறங்க ஆரம்பிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி திரும்ப வந்துச்சு, திரும்ப ரீசெட், திரும்ப போயிடுச்சு. பார்க்கிங் ப்ரேக் போட்டதும் டெக் லாக்க எடுத்து மடியில வெச்சுக்கிட்டு கேப்டன் மூஞ்சியப் பாக்கறேன். அவரு ஹெட்செட்ட கழட்டிக்கிட்டே "ரீசெட்ல போனது டிஃபெக்ட் கிடையாது தம்பி, இங்க ஸ்பேரும் இல்ல, எழுதினா ஏர்ப்ளேன் நின்னுடும், இன்ஜினியர்கிட்ட வாயால சொல்லிடறேன்"னாரு. சொன்னாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

க்ரூ பஸ்ல ஏறப்போறேன், அதே ஏர்ப்ளேன எடுத்துட்டுப் போற கேப்டன் எதிர்ல வராரு, கையில காபி கப்பு, "எப்டிப்பா இருக்கு ஏர்ப்ளேன்?"னு போற போக்குல கேட்டாரு. "நல்லா இருக்கு சார்"ன்னேன். அவ்ளோதான், ரெண்டு செகண்டு. அவங்களுக்கு 37 ஆயிரம் அடியில அதே ப்ளீட் போயிருக்கு, மிச்சம் இருந்த ஒரே ப்ளீட் ரெண்டு பேக்குக்கும் (கேபின் ஏசி யூனிட்) சேத்து காத்து குடுத்து சூடாகி அதுவும் போயிடுச்சு, 10 ஆயிரத்துக்கு இறக்கி வேற ஏர்போர்ட்ல போய் உக்காந்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் அந்த காபி கப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

நைட்ஷிஃப்ட்இன்ஜினியர்:
"வாயால சொல்லிடறேன்"... இத கேட்டாலே எனக்கு எரியும். நாங்க வாயால கேட்டத வெச்சு என்ன பண்றது, ஒரு பேனல தொறந்தா கூட எந்த என்ட்ரிக்கு தொறந்தேன்னு எழுதி ரிலீஸ் கையெழுத்து போடணும். போர்டிங் பாஸ் பின்னாடி எழுதிக் குடுத்த கேப்டனையும் பாத்திருக்கேன், மறுநாள் அந்தப் பேப்பர் எங்க இருக்கும்?

என் கதை வேற. வெதர் ரேடார், மூணு ராத்திரி மூணு வேற க்ரூ, மூணு என்ட்ரியும் ஒரே மாதிரி, "ரேடார் சரியில்லை". நான் செல்ஃப் டெஸ்ட் போடுவேன், பாஸ் ஆகும், "கிரவுண்ட் செக் பண்ணப்பட்டது, திருப்தி"ன்னு எழுதிட்டுப் போயிடுவேன். மூணாவது தடவ எழுதும்போது எனக்கே கூச்சமா இருந்துச்சு. நாலாவது நாள் ஒரு பொண்ணு, எஃப்ஓ, அழகா எழுதியிருந்தா: நேரா போகும்போது ஒண்ணும் இல்ல, இடது பக்கம் திரும்பினா மட்டும் ஒரு பக்கம் ஃபுல்லா தரை தெரியுது, வலது திருப்பத்துல இல்ல, ரெண்டு டிரான்ஸீவர் பெட்டியிலயும் அதேதான். ஒரே வரில வேலை முடிஞ்சுது. பெட்டியில குத்தம் இல்ல, ஆன்டெனாவ அசைக்கற டிரைவ்ல. தரையில நிக்கற ஏர்ப்ளேன் சாயாதே, செல்ஃப் டெஸ்ட்ல எப்படி தெரியும்? மூணு ராத்திரி நான் போட்ட கையெழுத்து பொய் கிடையாது, ஆனா அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நாலுகோடு:
@வலதுசீட்டு, தம்பி தப்பா எடுத்துக்காத, அந்த கேப்டன் சொன்னதுல பாதி நடைமுறை. எல்லா ஃப்ளிக்கரையும் எழுதினா ஃப்ளீட்ல பாதி தரையிலதான் நிக்கும். ஆனா ஒரே செக்டர்ல ரெண்டு தடவ வந்தது ஃப்ளிக்கர் இல்ல, அது எழுத வேண்டியது, அதுல மாத்து இல்ல.

என்னோடது தேதி கதை. காலைல ஆறு மணி டிபார்ச்சர், டிஃபர்டு லிஸ்ட்ல, அதாவது அப்புறம் சரி பண்ணலாம்னு தள்ளி வெச்ச குறைங்க லிஸ்ட்ல, ஒரு கேட்டகரி பி ஐட்டம். பி-ன்னா மூணு நாளுக்குள்ள சரி பண்ணணும், கண்டுபிடிச்ச நாள விட்டுட்டு எண்ணணும். 5ஆம் தேதி எழுதியிருக்காங்க, அப்ப 6, 7, 8, எட்டாம் தேதி நள்ளிரவோட முடிஞ்சுது. நான் நிக்கறது 9ஆம் தேதி காலைல. ஆனா டியூ டேட் கட்டத்துல 9னு இருக்கு, யாரோ 6ஆம் தேதிய பூஜ்யமா வெச்சு எண்ணிட்டாங்க, எனக்கு முன்னாடி எத்தன பேரு அத பாத்து கையெழுத்து போட்டாங்களோ. ஆப்ஸ் ஆஃபீஸ்ல இருந்து ஃபோன், "கேப்டன், பேப்பர்ல 9னுதானே போட்டிருக்கு, ஒரே ஒரு செக்டர்". கேபின்ல 174 பேர் உக்காந்தாச்சு. நான் விரல மடக்கி மடக்கி ஃபோன்லயே எண்ணிக் காட்டினேன், பக்கத்துல எஃப்ஓ சிரிப்ப அடக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். ரெண்டு மணி நேரம் டிலே, வேற பார்ட் வந்துச்சு, மாத்தினாங்க. அன்னிக்கு யாரும் என்கிட்ட நல்லா பேசல.

ஆல்டர்னேட்காரன்:
நான் பைலட் இல்ல, டிஸ்பேட்ச், ஃப்ளைட் ப்ளான் போடறவன். ஏபியு (இன்ஜின் ஸ்டார்ட் பண்ண காத்து குடுக்கற வால் பக்க குட்டி இன்ஜின்) டிஃபர் பண்ணியிருந்தாங்க, எம்இஎல் (எது கெட்டிருந்தாலும் பறக்கலாம்னு சொல்ற லிஸ்ட்) படி தாராளமா போகலாம், ப்ளான் போட்டது நான்தான். ஆல்டர்னேட்டா, அதாவது இறங்க முடியலைன்னா போற மாத்து ஏர்போர்ட்டா, பக்கத்துல இருக்கற சின்ன ஏர்போர்ட்ட போட்டேன், ஃப்யூயல் மிச்சம்னு. வெதர் மூடி அங்கேயே போயிட்டாங்க. அங்க ஏர் ஸ்டார்ட் யூனிட் (தரையில இருந்து ஸ்டார்ட்டுக்கு காத்து குடுக்கற வண்டி) கிடையாது. ஏபியுவும் இல்லாம ரெண்டு இன்ஜினையும் நிறுத்தினா அப்புறம் எதால ஸ்டார்ட் பண்றது? ஒரு இன்ஜின ஓட விட்டுக்கிட்டே நாப்பது நிமிஷம் ஸ்டாண்டுல நின்னாங்க, கதவத் தொறக்கல, யாரும் இறங்கல. கேப்டன் ரேடியோல ரொம்ப அமைதியா கேட்டாரு, "இந்த ஏர்போர்ட்ட செலக்ட் பண்ணது யாருங்க?"னு. திட்டியிருந்தா கூட பரவால்ல.

பழையலாக்புக்:
எல்லாரும் சொல்றீங்க, என்னோடது சின்னது. ரிவர்சர் (இறங்கினதும் வேகத்தக் குறைக்க இன்ஜின் காத்த முன்னாடி திருப்பறது) ஒண்ணு லாக் பண்ணி டிஃபர் பண்ணியிருந்தாங்க, லீவர்ல ஒட்டின இனாப் (வேலை செய்யாதுன்னு) ஸ்டிக்கர் விழுந்து நடு பெடஸ்டல்ல கிடந்துச்சு, லேண்டிங்ல என் கை பழக்கத்துல ரெண்டையும் இழுக்கப் போயிடுச்சு, எஃப்ஓ என் மணிக்கட்டப் பிடிச்சாரு. அவ்ளோதான்.

ஆனா @நாலுகோடு சொன்ன "பாதி நடைமுறை"ய நான் ஒத்துக்க மாட்டேன். ஐசிஏஓ (உலக விமானப் போக்குவரத்து அமைப்பு) அனெக்ஸ் 6ல தெளிவா இருக்கு, ஃப்ளைட் முடிஞ்சதும் தெரிஞ்ச டிஃபெக்ட், சந்தேகப்படற டிஃபெக்ட் ரெண்டையும் சொல்ல வேண்டியது பிஐசி, அதாவது கேப்டன் பொறுப்பு. சந்தேகம்னாலே எழுதணும், அப்புறம் என்ன ரீசெட்ல போச்சு வரலைங்கற பேச்சு? 2018 அக்டோபர் 28 லயன் ஏர் டென்பசார்-ஜகார்த்தா ஃப்ளைட்ட நினைச்சுப் பாருங்க. ஸ்டிக் ஷேக்கர் (ஸ்டால் ஆகப் போகுதுன்னு கன்ட்ரோல உதறி எச்சரிக்கறது) வழி பூரா உதறியிருக்கு, மூக்க தானா இறக்கின ஸ்டேப் ட்ரிம்ம கட்-அவுட் பண்ணித்தான் ஓட்டிட்டு வந்திருக்காங்க, லாக்ல எழுதினது ஸ்பீடும் ஆல்டிட்யூடும் ஒத்துப்போகல, ஃபீல் டிஃப் ப்ரெஸ்னு ஒரு வார்னிங் லைட் எரிஞ்சுது, அவ்ளோதான். இன்ஜினியர் எழுதினதுக்கு ஏத்த வேலையப் பாத்தாரு. மறுநாள் காலைல அதே ஏர்ப்ளேன் விழுந்து 189 பேர் போயிட்டாங்க.

டிஃபர் பண்றவங்களுக்கும் சொல்றேன், யாரும் கேக்கலைன்னாலும். எம்இஎல்ல ஐட்டம் இருக்குன்னு கண்டதும் மூடாதீங்க. ஐட்டம் பக்கத்துல (எம்), அதாவது மெயின்டனன்ஸ் வேலை, இருந்தா இன்ஜினியர் செஞ்சாச்சான்னு பாருங்க, (ஓ), அதாவது ஆபரேஷன்ஸ் வேலை, இருந்தா நீங்க செய்ய வேண்டியது என்னன்னு டேக்ஆஃப் ப்ரீஃபிங்ல வாய் விட்டு சொல்லுங்க. ரெண்டு டிஃபர்டு ஐட்டம் இருந்தா ஒண்ணு இன்னொண்ண நம்பி இருக்கான்னு பாருங்க, புக்குல தனித்தனியா சரின்னு இருக்கும், சேத்து சரின்னு அதுல இருக்காது. எல்லாத்துக்கும் மேல, கெட்டுப் போனது அந்த ஐட்டம்தானா, இல்ல அது வேற எதோட அறிகுறியான்னு கேளுங்க. 2008 ஆகஸ்ட் 20 மாட்ரிட், ஸ்பான்ஏர் எம்டி-82, தரையில சூடாகக் கூடாத ராட் ப்ரோப் (வெளிக் காத்தோட வெப்பத்த அளக்கற சென்சார்) சூடாச்சு, ஸ்டாண்டுக்குத் திரும்பினாங்க, எம்இஎல் பாத்து அதோட ஹீட்டர் சர்க்யூட் ப்ரேக்கர இழுத்து விட்டாங்க, ஹீட்டிங் நின்னுடுச்சு, பிரச்சன தீந்த மாதிரி. அப்புறம் ஃப்ளாப் இல்லாம டேக்ஆஃப், வார்னிங் அடிக்கவே இல்ல, 154 பேர் போயிட்டாங்க. ப்ரோப் ஹீட்டிங், டேக்ஆஃப் வார்னிங், ரெண்டு சிஸ்டத்துக்கும் பொதுவா ஒரு ரிலே. அதுதான் காரணம்னு விசாரணையில அடிச்சு சொல்ல முடியல, ஆனா ப்ரோப் ஏன் தரையில சூடாகுதுன்னு அன்னிக்கு யாரும் கேக்கல.

நாலுகோடு:
சார், எழுதக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? "எழுத வேண்டியது"ன்னுதானே போட்டிருக்கேன், மேல ஏறிப் படிங்க.

பழையலாக்புக்:
"பாதி"ன்னீங்கள்ல, அந்தப் பாதிதான் பிரச்சன.

நைட்ஷிஃப்ட்இன்ஜினியர்:
சண்ட அப்புறம் போடுங்க. 2014ல கடல்ல விழுந்த ஏர் ஏசியா 8501ல ரடர் டிராவல் லிமிட்டர் (வால் சுக்கான் எவ்ளோ திரும்பலாம்னு கட்டுப்படுத்தறது) ஃபால்ட் அதுக்கு முந்தின 12 மாசத்துல 23 தடவ வந்திருக்கு, ஒவ்வொரு தடவையும் ஏதோ பண்ணி மூடியிருக்காங்க, கடைசியில பாத்தா ஒரு சால்டரிங்ல விரிசல். எழுதினாலும் முந்தின பக்கங்கள ஒருத்தன் புரட்டிப் பாக்கணும்ல. @வலதுசீட்டு, அந்த ப்ளீட்ல கடைசியா என்னப்பா இருந்துச்சு?

வலதுசீட்டு:
ப்ளீட் வால்வ்தான் அண்ணே, மாத்திட்டாங்களாம். ஒரு வாரம் கழிச்சு அதே ஏர்ப்ளேன் எனக்கு ரோஸ்டர்ல வந்துச்சு, டெக் லாக்ல பழைய பக்கத்தப் புரட்டினேன். டைவர்ட் ஆன பக்கத்துக்கு முந்தின பக்கம் எங்களோடது. கையெழுத்து கேப்டனோடதுதான். ஆனா டிஃபெக்ட் கட்டத்துல "நில்"னு எழுதியிருந்தது என் எழுத்து. அவரு போடச் சொல்லவும் இல்ல. அவரு பேசிக்கிட்டு இருக்கும்போதே நானே எழுதி நீட்டியிருக்கேன்.