கைப்பேசியில் இடமே இல்லை, அளவுப் படம் எடுக்க முடியவில்லை. எதை முதலில் அழிப்பது?

ஊசிமுனை (சுங்கை சிப்புட்):

வணக்கம். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். எல்பில் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தபோது தொடங்கிய தொழில். தாமானுக்குக் குடிவந்த பிறகும் பழைய தோட்டத்து ஆட்கள்தான் பாதி வாடிக்கை. அளவை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தின் மேல் துணியின் ஓரத்தை மடித்து வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். யார் துணி, கை நீளம் எவ்வளவு, முதுகு எவ்வளவு இறக்கம், எல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கும். கழுத்து டிசைனை அவர்களே வாட்சாப்பில் அனுப்பிவிடுவார்கள்.

தீபாவளித் துணி குவிகிற நேரம் இது. படம் எடுக்கப் போனால் ‘இடம் போதவில்லை’ என்கிறது. போன் 64 ஜிபி. மெமரி கார்டு போட வழியில்லாத மாடல். டிக்டாக்கைத் தூக்கிப் பார்த்தேன், அந்த வாரமே மறுபடி நிறைந்துவிட்டது.

டவுனில் கடைப் பையன் ரீசெட் அடிக்கச் சொல்கிறான். என் மகன் பேங்க் ஆப்பை எடுக்கச் சொல்கிறான். சொந்தக்காரப் பையன் ஒருவன், இதைப் போட்டால் போன் சுத்தமாகிவிடும் என்று வாட்சாப்பில் ஒரு ஃபைலே அனுப்பிவிட்டான். அதை இன்னும் திறக்கவில்லை. ஆளுக்கொன்று சொன்னால் நான் எதைத்தான் கேட்பது? அளவுப் படங்கள் போகக் கூடாது. மற்றது எது போனாலும் கவலை இல்லை.

பீடோர்_தம்பி:

அக்கா, பேசாமல் 256 ஜிபி போன் ஒன்று வாங்கிவிடுங்கள். தீபாவளிக் கூலியில் வந்துவிடும் லா.

ஊசிமுனை:

தம்பி, ஒரு ரவிக்கைக்கு எத்தனை வெள்ளி வாங்குகிறேன் என்று தெரிந்தால் இப்படிச் சொல்லமாட்டாய்.

திருகாணி (ஈப்போ):

போன் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. முதலில் அந்த ஃபைலை அழியுங்கள். பெயரின் கடைசியில் ஏபிகே (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரே ஆப்பைப் போடுகிற ஃபைல்) என்று இருந்தால் நிச்சயமாகத் தொடக் கூடாது. நம் நாட்டில் பேங்க் பணத்தை வழித்துக்கொண்டு போகிற ஆப்கள் பல அப்படித்தான் போனுக்குள் வருகின்றன. பையன் தெரியாமல்தான் அனுப்பியிருப்பான், அவனையும் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே போட்டு, பணமும் போயிருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அடிக்க வேண்டும், பேங்குக்கும் சொல்ல வேண்டும்.

பேங்க் ஆப்பை எடுக்காதீர்கள். மிஞ்சிப்போனால் சில நூறு எம்பி கிடைக்கும். திரும்பப் போடும்போது பல பேங்குகளில் போனைப் புதிதாகப் பதியச் சொல்வார்கள். 2022இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த கட்டுப்பாடுகளில் இதுவும் உண்டு: புதிதாகப் பதிந்தால் கொஞ்ச நேரம் பரிவர்த்தனை எதுவும் செய்ய முடியாமல் காத்திருக்க வேண்டும். ஜரிகை வாங்கப் பணம் கட்டுகிற நேரத்தில் இந்தத் தலைவலி எதற்கு? ரீசெட்டும் வேண்டாம், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

உங்கள் போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வாட்சாப்தான். டிக்டாக் போன இடத்தை அதுதான் பிடித்திருக்கும். வாட்சாப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். மேலே இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று பலமுறை ஃபார்வேர்டு ஆனவை, இன்னொன்று 5 எம்பிக்கு மேற்பட்டவை. முதல் பெட்டியில் இருப்பது காலை வணக்கம், பாட்டி வைத்தியம், யானைக்குட்டி வீடியோ வகையறா. ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தமாக அழிக்கலாம். இரண்டாவதை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்குக் கீழே எந்த குரூப் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாக வரும். எனக்குத் தெரிந்து எல்லார் போனிலும் கோயில் குரூப்புக்கும் சொந்தக்காரர் குரூப்புக்கும்தான் முதலிடத்துக்குப் போட்டி.

அப்புறம் அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் வீடியோ தானாக இறங்குவதை அடைத்துவிடுங்கள். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் தனித்தனியாக அடைக்க வேண்டும். பலர் காலரியில் காட்டாதபடி மாற்றிவிட்டு இடம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். போனுக்குள் இருந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக காலரியின் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். அழித்தது அங்கே போய் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும் போன்கள் நிறைய. எடுத்துவந்து ‘அழித்தும் இடம் வரவில்லை’ என்பவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சாக்பீஸ் (கோல கங்சார்):

திருகாணி சொன்னது சரி. ஆனால் அளவுப் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு அழிக்கத் தொடங்குங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் வைத்திருப்பவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஆப்புக்குள் படத்தைத் தொட்டுக் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினால், போனில் இருப்பதோடு மேலே கூகுளில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். போனில் மட்டும் அழிய வேண்டும் என்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேடி அழுத்த வேண்டும். அது மேலே ஏறி முடிந்த படங்களை மட்டுமே போனிலிருந்து எடுக்கும்.

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் டிரைவும் அதற்குள்தான் அடங்க வேண்டும், இப்போது ஆண்ட்ராய்டில் வாட்சாப் பேக்கப்பும் அதே கணக்கில் சேர்கிறது. அதனால் கேமரா ஃபோல்டரை மட்டும் பேக்கப்பில் விட்டு, வாட்சாப் படங்களின் ஃபோல்டரை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் யானைக்குட்டி அங்கேயும் ஏறிக்கொள்ளும்.

லைன் சரியில்லாத இடம் என்றால் டைப் சி பென்டிரைவ் ஒன்று வாங்கி நேரே போனில் சொருகி நகல் எடுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களை வருடவாரியாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஊசிமுனை:

இரண்டு பேருக்கும் நன்றி. பென்டிரைவில் அளவுப் படங்களை ஏற்றிய பிறகுதான் வாட்சாப்பைத் தொட்டேன். திருகாணி சொன்ன மாதிரியே கோயில் குரூப்தான் முதலில் நின்றது, கிட்டத்தட்ட 9 ஜிபி. ஒரே தீமிதி வீடியோவை ஆள் மாற்றி ஆள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். பெரியப்பா குரூப்பை மொத்தமாகத் துடைத்துவிட்டேன், அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். கேமரா இப்போது வேலை செய்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். வாடிக்கையாளர்கள் அனுப்பிய கழுத்து டிசைன்கள் அவரவர் சேட்டில் கிடக்கின்றன. அவற்றையும் அழிக்க வேண்டுமா? நானே துணியைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புவதும் உண்டு.

திருகாணி (ஈப்போ):

டிசைன்களை விட்டுவிடுங்கள். வாட்சாப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், அதனால் பெரும்பாலும் ஒன்று ஒரு எம்பிகூட வராது. அழித்துவிட்டுப் பிறகு தேடினால் அவர்களிடமே மறுபடி கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் அனுப்பும் துணிப் படம் வேறு கதை. கேமரா ஃபோல்டரில் ஒன்று, வாட்சாப்பின் ‘சென்ட்’ ஃபோல்டரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கும். ஃபைல்ஸ் ஆப்பில் அந்த ‘சென்ட்’ ஃபோல்டரைத் தேடி, துணி கொடுத்து முடித்த ஆட்களுடையதை மட்டும் அழித்துக்கொள்ளலாம். தைத்துக்கொண்டிருப்பவர்களுடையதைத் தீபாவளி முடிகிறவரை தொடாதீர்கள்.