பயோமார்க்கர் பரிசோதனையை ஆன்லைனில் கற்றுக்கொள்ள முடியுமா?

மயிலாப்பூர் கைனக்:
சினைப்பை, கர்ப்பப்பைப் புற்றில் பயோமார்க்கர் பரிசோதனை, அதாவது மரபணு, புரத மாற்றங்களைத் தேடும் சோதனை பற்றி நமக்கு ஆன்லைன் வகுப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. இனி நான் சேரப்போவதில்லை. வீடியோ ஒரு பக்கம் ஓடும், நாம் ஓ.பி. பார்த்துக்கொண்டிருப்போம். கடைசியில் டாக்டர்களின் தொடர்கல்விக்கான கிரெடிட் புள்ளி. சில வகுப்புகளுக்குப் பணம் தருவதே மருந்துக் கம்பெனிதான்.

அடையாறு ஆன்காலஜி:
மேடம், யார் பணம் தருகிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் பி.ஜி. படித்த புத்தகத்தில் இதெல்லாம் ஏது? ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 ஸ்டேஜிங்கில், அதாவது புற்று எந்தக் கட்டம் என்று சொல்லும் முறையில், கர்ப்பப்பைக்குள்ளேயே நிற்கும் கட்டியில் ‘போல்’ (POLE) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் 1ஏ-வுக்கு இறங்குகிறது. தசைக்குள் இறங்கிய கட்டியில் பி53 என்ற புரதம் கெட்டிருந்தால் 2சி-க்கு ஏறுகிறது. சினைப்பைப் புற்றில் பி.ஆர்.சி.ஏ. மரபணுவைப் பார்க்காமல் விட்டால் ஒலாபரிப் மருந்து தருவதா என்ற பேச்சே எழாது. மாநாடு வரும்வரை இதற்காகக் காத்திருப்பதா?

கீழ்ப்பாக்கம் பேத்தாலஜி:
எங்கள் கஷ்டம் அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த கர்ப்பப்பை, திறக்காமல் முழுசாக ஜாடியில், திங்கள் காலை வந்தது. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். வெட்டினால் வெளியே சாம்பல் நிறத்தில் கெட்டி, உள்ளே கட்டி இருந்த இடம் கொழகொழவென்று. டி.என்.ஏ. பிழையைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க 4 ஸ்டெயின் (நிறமேற்றும் சோதனை) போட்டோம். கட்டி செல்லிலும் நிறம் ஏறவில்லை, பக்கத்து நல்ல செல்லிலும் ஏறவில்லை. நல்ல செல்லே ஏறாதபோது என்ன ரிப்போர்ட் எழுதுவது? பரம்பரையாகப் புற்று வரவைக்கும் லிஞ்ச் சிண்ட்ரோமா, அந்த அம்மாவின் மகள்களையும் பார்க்க வேண்டுமா, எதுவும் சொல்ல முடியவில்லை. எடுத்த உடனே திறந்து போடுங்கள் என்று ஒரு வகுப்பில் 2 நிமிடம் சொன்னால் போதும்.

மயிலாப்பூர் கைனக்:
சார், அந்த ஜாடியில் போடுவது தியேட்டர் சிஸ்டர். அவருக்கு எந்த வகுப்பு இருக்கிறது? அப்புறம், முதலில் எடுத்த பயாப்ஸி பிளாக்கிலேயே, அந்த மெழுகில் பதித்த திசுத் துண்டிலேயே, எம்.எம்.ஆர். போட்டிருக்கலாமே?

கீழ்ப்பாக்கம் பேத்தாலஜி:
அதில்தான் கடைசியில் போட்டோம், மேடம். வெளி லேபில் இருந்த பிளாக், கைக்கு வர 18 நாள். பயாப்ஸியிலேயே கேட்டு எழுதியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ரிசல்ட் இருந்திருக்கும். அதை எழுத வேண்டியவர் சிஸ்டர் இல்லை, டாக்டர்.

மயிலாப்பூர் கைனக்:
சரி, அது எங்கள் பக்கத்துத் தவறு. இனி பயாப்ஸி ஃபாரத்திலேயே எழுதுகிறேன். ஆனாலும் நீங்கள் சொன்ன அந்த வெட்டிய கர்ப்பப்பையை நேரில் பார்த்தவர் மறக்கமாட்டார், ஸ்லைடில் பார்த்தவர் மறந்துவிடுவார். எங்கள் தியேட்டர் சிஸ்டர்கள் இரண்டு பேரை ஒருநாள் உறுப்பை வெட்டிப் பார்க்கும் உங்கள் கிராஸிங் ரூமுக்கு அழைத்து வரலாமா?