பிரெட் ஹார்ட் டிவிடி செட்: பார்த்தவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

திருச்சியிலிருந்து

'ஹிட்மேன்'ங்கிற பட்டப்பேரோட ஆடின கனடா ரெஸ்லிங் வீரர் பிரெட் ஹார்ட்டோட மூணு டிஸ்க் டிவிடி செட்டைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. 2005 நவம்பர்ல டபிள்யூ.டபிள்யூ.இ.ங்கிற ரெஸ்லிங் கம்பெனி வெளியிட்டது. என் கைக்கு வந்தது 2007 மே மாசம், டொரண்டோவுல இருந்து லீவுக்கு வந்த பெரியப்பா பையன் மூலமா. அண்ணன் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் சாக்லேட் பிரிச்சுக் குடுத்துட்டு, கடைசியா துணிக்கு அடியில இருந்து இதை எடுத்து எங்கிட்ட நீட்டினார்.

போட்டா ஓடலை. டிவிடியை ஊர் வாரியா ரீஜியன்னு பிரிச்சுப் பூட்டி வெச்சிருப்பாங்க. கனடா டிஸ்க் ரீஜியன் 1, எங்க வீட்டு பிளேயர் ரீஜியன் 5. ரெண்டு நாள் டிஸ்க்கைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணாவது நாள் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணன் வந்து, டிரேயைத் திறந்து வெச்சு, ரிமோட்ல ஏதோ நாலஞ்சு நம்பரை அழுத்தினார். ஓட ஆரம்பிச்சுது. அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்லை.

ரெஸ்லர்களோட உயரம், எடையெல்லாம் போட்ட ட்ரம்ப் கார்டு விளையாடுனவங்களுக்கு நான் சொல்றது புரியும். கைக்கு பிரெட் ஹார்ட் கார்டு வந்தா அந்த ரவுண்டு அநேகமா போச்சு. உயரம் ஆறடிதான். எடையைக் கேட்டா யோகோசுனாகிட்ட தோக்கணும், உயரத்தைக் கேட்டா அண்டர்டேக்கர்கிட்ட தோக்கணும். அந்தக் கார்டை நான் யாருக்கும் குடுக்காம ஒளிச்சு வெச்சிருந்தேன். ரிங்குக்கு வந்ததும் தன் கண்ணாடியைக் கழட்டி முன்வரிசையில இருக்கிற ஒரு சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிடுவார் பாருங்க, அதுக்காக. இவ்வளவு உயரமானவங்க நடுவுல இந்த மனுஷன் எப்படிச் சாம்பியன் ஆனார்ங்கிற என் பள்ளிக்கூடக் கேள்விக்கு இந்த செட்லதான் பதில் கிடைச்சுது.

முதல் டிஸ்க் ஆவணப்படம், மத்த ரெண்டும் பெரும்பாலும் ஆட்டங்கள். ரிக்கி ஸ்டீம்போட்கூட 1986ல பாஸ்டன்ல ஆடினதைப் பாருங்க. அப்ப பிரெட் டேக் டீம்காரர், அதாவது ஜோடி சேர்ந்து ஆடறவர். தனியாளா யாரும் அவரைப் பெருசா எண்ணலை. ஆனா ஸ்டீம்போட் கையை முறுக்கினதும் இவர் தோள் எப்படி இறங்குது, முட்டி எப்படி மடியுதுன்னு கவனிங்க. அடி வாங்கறதுலயே ஒரு கதை சொல்றார். சின்ன வயசுல அடிக்கிறவனை மட்டுந்தான் பாத்தோம். அடி வாங்கறவன்தான் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துறான்னு இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்த செட்டோட பெரிய பலம் அவரே உக்காந்து பேசறதுதான். முதல்ல கம்பெனி இதுக்கு 'ஸ்க்ரூட்' (ஏமாத்தப்பட்டவர்)னு பேர் வெச்சு, அவர் இல்லாமலேயே எடுக்கிறதா இருந்துது. விஷயம் தெரிஞ்சு அவர் உள்ள வந்தார், பேரும் மாறிச்சு. உள்ள வராம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரிஞ்சுக்க அதே 2005ல வந்த, அல்டிமேட் வாரியர்ங்கிற இன்னொரு ரெஸ்லரோட டிவிடியைப் பாருங்க. அந்த ஆள் கலந்துக்கவே இல்லை. ஒவ்வொருத்தரா வந்து உக்காந்து அவரைத் திட்டிட்டுப் போறாங்க. பாக்கவே சங்கடமா இருந்துது. பிரெட்டுக்கு அந்த கதி வரலைங்கிறதே எனக்குப் பெரிய நிம்மதி.

குறையும் அங்கதான் ஆரம்பிக்குது. 1997 நவம்பர் 9, மான்ட்ரியால். சாம்பியனா இருக்கிற பிரெட் எதிரிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகப் போறார். கனடாவுல வெச்சு, எதிர்ல ஆடற ஷான் மைக்கேல்ஸ்கிட்ட சாம்பியன் பெல்ட்டை விட மாட்டேன்னு சொல்றார். கடைசி 30 நாள் தன் பாத்திரத்தைப் பத்தி முடிவு சொல்ற உரிமை ஒப்பந்தத்துலயே அவருக்கு இருந்துது. ரெஸ்லிங்ல முடிவை முன்கூட்டியே பேசி வெச்சுக்கிறதுதான் வழக்கம். டிஸ்குவாலிஃபிகேஷன்ல, அதாவது விதியை மீறினதா ஆட்டத்தை நிறுத்தி முடிக்கலாம்னு பேசி வெச்சுட்டு ரிங்ல ஏறினாங்க. பிரெட்டோட பேர்போன கால் பூட்டான ஷார்ப்ஷூட்டரையே மைக்கேல்ஸ் அவருக்குப் போட, தோத்தேன்னு அவர் கையைத் தட்டாமலே கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மான் மணி அடிக்கச் சொல்லிட்டார். செட் வந்தப்போ வீடியோ எல்லாம் அந்த வின்ஸோட கம்பெனிக்குத்தான் சொந்தமா இருந்துது, இந்த செட்டும் அவங்க போட்டதுதான். பிரெட் தன் வலியை முழுசாச் சொல்றார், அதை மறுக்கலை. ஆனா எந்த இடத்துல அவர் பேச்சை வெட்டணும், அடுத்து யார் பேசணும்னு முடிவு பண்றது எதிராளி வீட்டு எடிட்டர். பாக்கும்போது அது உறுத்திக்கிட்டே இருக்கு.

ஒரே ஒரு காட்சிக்காக இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் போடுவேன். 1997 மார்ச், கம்பெனியோட வருஷாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 13. ஸ்டீவ் ஆஸ்டின் ஷார்ப்ஷூட்டர்ல மாட்டியிருக்கார். நெத்தியில இருந்து ரத்தம் மூக்கு வழியா வழிஞ்சு பல்லுக்கு நடுவுல இறங்குது. கேமரா அந்த முகத்தை விட்டு நகரவே இல்லை. கடைசி வரைக்கும் தட்டாம மயங்கிடறார். ஜெயிச்சும் பிரெட் விடாம அடிக்கிறார். உள்ள வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். வெளிய போகும்போது அப்படியே தலைகீழ். இருபத்தி சொச்ச நிமிஷத்துல ரெண்டு பேரும் ஜனங்க மனசை மாத்திட்டாங்க.

பாத்தவங்க எழுதுங்க.

கல்கரியிலிருந்து

தம்பி, நான் யாழ்ப்பாணம். இஞ்ச கல்கரிக்கு வந்து 16 வருசம். நீங்கள் எழுதினதைப் பார்த்துப் போட்டு ஒரு வார்த்தை எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

அவர் பிறந்து வளர்ந்த இந்த ஊரில பிரெட் ஹார்ட் எண்டால் ரீவியில வாற ஆள் மட்டும் இல்லை. இஞ்சத்தை ஜூனியர் ஐஸ் ஹொக்கி அணிக்குப் பேரே ஹிட்மென். தொண்ணூறுகளில அந்த அணி துவங்கேக்க அவரும் ஒரு பங்காளி. நான் வந்த முதல் குளிருக்கு வேலைத்தளத்தில ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னை மட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர். சனம் போட்டிருந்த ஜேர்சியில அந்தப் பேரைப் பார்த்துப் போட்டு, இந்த ரெஸ்லிங் ஹிட்மானோ எண்டு கேட்டன். மனுசன் சந்தோசத்தில மட்சை விட்டுப் போட்டு முழுக்க அந்தக் குடும்பக் கதைதான் சொன்னவர். தகப்பன் ஸ்டூ ஹார்ட், பன்னிரண்டு பிள்ளையள், வீட்டுக்குக் கீழ இருந்த டஞ்சன் எண்ட பயிற்சி அறை, வெள்ளிக்கிழமையளில தகப்பன் நடத்தின ஸ்டாம்பீட் ரெஸ்லிங் எண்டு எல்லாம். இந்த டிவிடியையும் அவர்தான் எனக்குப் பார்க்கத் தந்தவர்.

எனக்குக் குறை எண்டால் அதுதான். கிழவர் வாயால கேட்ட கல்கரி அந்தப் படத்தில காணேல்லை. டஞ்சனைப் பற்றிச் சொல்லீனம், ஸ்டூவைப் பற்றிச் சொல்லீனம், ஆனால் ஒரு அவசரத்தில. பக்கத்து மாகாணம் சஸ்காச்சுவான் பக்கம் பனிக்குள்ள வானில மணித்தியாலக் கணக்கா ஓடிப்போய் சின்ன மண்டபங்களில சண்டை பிடிச்ச காலம் அது. 1984இல ஸ்டூ தன்ர கொம்பனியை வின்ஸுக்கு வித்ததோட பிரெட்டும் அங்க போறார். படமும் அவரோட சேர்ந்து நியூயோர்க்குக்குப் போயிடுது. அந்த மனுசன் தன்ர கைவேலையைப் பழகினது இஞ்ச. அதுக்கு இன்னும் அரை மணித்தியாலம் குடுத்திருக்கலாம்.

மொன்றியல் கதையை அறிய விரும்பினால் 1998இல போல் ஜே எடுத்த 'ரெஸ்லிங் வித் ஷாடோஸ்' படத்தையும் பாருங்கோ. அது வெளியாள் எடுத்தது. அண்டைக்கு பிரெட் உடம்பில ஒரு மைக் பூட்டியிருந்தவர். மட்சுக்கு முதல் வின்ஸ் அவரோட கதைச்சது அதில பதிவாகி இருக்கு. மட்சுக்குப் பிறகு உடுப்பு மாத்திற அறைக்கு வெளியில வின்ஸ் தள்ளாடிக்கொண்டு வாறதையும் பார்க்கலாம். டிவிடி செட்டில ஒருத்தரும் அதைப்போல பிடிபடேல்லை, ஏனெண்டால் எல்லாரும் கமெராவுக்கு முன்னால இருந்து யோசிச்சுப் போட்டுக் கதைக்கினம்.

ஹார்ட் வீடு இப்பவும் மேட்டில நிக்குது. நகரசபை அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் எண்டு அறிவிச்சிட்டுது. ஒரு நாள் மனிசியோட காரை நிப்பாட்டி, றோட்டில நிண்டு பார்த்தன். செங்கல் வீடு. அங்க நிண்டு பார்த்தால் கல்கரி நகரம் முழுக்கக் கீழ தெரியும்.

கோவையிலிருந்து

அண்ணா, எனக்கு ரெஸ்லிங் அவ்வளவாகத் தெரியாது. தம்பிதான் பைத்தியம். நான் பிசியோதெரபிஸ்ட். அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் போய் உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்கவில்லை.

என்னை உட்கார வைத்தது பக்கவாதம் வந்த பகுதி. 2002 ஜூன் 24. சைக்கிளில் போனவர் விழுகிறார், இடப்பக்கம் முழுவதும் செயலிழக்கிறது. அவருக்கு அப்போது 45 வயதுகூட நிறையவில்லை. அதற்கு முன்பே 1999 டிசம்பரில் எதிர்த்து ஆடிய கோல்ட்பர்க் உதைத்த உதையில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அடிபட்ட பிறகும் சில வாரங்கள் ரிங்கில் ஏறியிருக்கிறார். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் தலையில் மறுபடி அடிபட்டால் எவ்வளவு ஆபத்து என்று இந்தத் தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். தம்பியிடம் அந்த இடத்தை நிறுத்தச் சொல்லி விளக்கினேன். அவனுக்கு அதுவரை அது வெறும் ஒரு ஆட்டத்தின் முடிவாகத்தான் தெரிந்திருந்தது.

ஆனால் படம் அந்தப் பகுதியைச் சட்டென்று கடந்துவிடுகிறது. அதில்தான் எனக்கு வருத்தம். இடப்பக்கம் விழுந்தவர் முதலில் படுக்கையில் புரளப் பழக வேண்டும். பிறகு தாங்கல் இல்லாமல் உட்கார வேண்டும். தோள்மூட்டு இறங்கிப் போகாமல் காக்க வேண்டும். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்க மாதக்கணக்கில் ஆகும். தன்னோடு ஆடிய யாரையும் காயப்படுத்தியதில்லை என்று பெருமையாகச் சொல்கிற மனிதர் அவர். அப்படி உடம்பை அளந்து அளந்து இயக்கிய ஒருவருக்கு அந்த உடம்பே சொன்னதைக் கேட்காமல் போனபோது என்ன தோன்றியது? சாம்பியன்ஷிப் கதைகளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அதைக் கேட்டிருக்கலாம்.

பேட்டியில் அவர் பேசுவதைத் தொழில் கண்ணோடு பார்த்தேன். முகத்தில் இரு பக்கமும் சமமாக அசைகிறதா, இடக்கையை எப்படி வைத்திருக்கிறார் என்று. மூன்று வருடத்தில் அப்படி உட்கார்ந்து பேசும் அளவுக்கு மீண்டிருக்கிறார் என்றால் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்திருக்கும். இப்போது எங்கள் கிளினிக்கில் நம்பிக்கை இழக்கிற இளம் நோயாளிகளிடம் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மீண்டும் திருச்சியிலிருந்து

ரெண்டு பேருக்கும் நன்றி. தங்கச்சி சொன்ன கோணத்துல நான் ஒரு நாளும் பாக்கலை. நேத்து ராத்திரி அந்தப் பகுதியை மறுபடி போட்டேன். நீங்க சொன்னது சரிதான், ரொம்பச் சின்னதா முடிச்சுட்டாங்க.

முதல் பதிவுல எழுத மனசு வராத ஒண்ணு இருக்கு. பிரெட்டோட தம்பி ஓவன், அவரும் ரெஸ்லர். 1999 மே 23, கான்சாஸ் சிட்டி கெம்பர் அரங்கத்துல ரிங்குக்கு வர்றதுக்காகக் கூரையில இருந்து இறக்கும்போது விழுந்து இறந்தார். அப்ப பிரெட் வேற கம்பெனியில இருந்தார். அதே அரங்கத்துல, அதே வருஷம் அக்டோபர் 4ஆம் தேதி, தம்பி நினைவா அவர் ஆடின ஆட்டம் இந்த செட்ல இருக்கு. எதிர்ல ஆடினது கிறிஸ் பென்வா. ரெண்டு பேரும் ஸ்டூ வீட்டு டஞ்சனோட தொடர்புள்ளவங்க. ஆரவாரம் பண்ண வெக்கிற வேலை எதுவும் இல்லாம, பிடி மேல பிடியா, அமைதியா ஆடினாங்க. செட்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சுது அதுதான். கைக்கு வந்த 2007 மே மாசத்துலயே நாலு தடவை பாத்துட்டேன்.

அடுத்த மாசம், ஜூன் கடைசியில அந்தச் செய்தி வந்துது. பென்வா தன் மனைவியையும் ஏழு வயசு மகனையும் கொன்னுட்டுத் தானும் செத்துப்போனார். அதுக்கப்புறம் வந்த செட்டுகள்ல கம்பெனி அவரை அடியோட ஒதுக்கிருச்சு. இது முன்னாடியே வந்துட்டதால அந்த ஆட்டம் அப்படியே இருக்கு. இதைக் குறைன்னு சொல்றதா, பலம்னு சொல்றதா, எனக்கு முடிவு பண்ணத் தெரியலை. வருஷக்கணக்கா மூணாவது டிஸ்க்கையே தொடாம இருந்தேன். அப்புறம் ஒரு நாள் பிரெட் முகத்தை மட்டும் பாக்கிறதுன்னு வெச்சுக்கிட்டுப் போட்டேன். தம்பிக்காக ஆடுற அண்ணன் முகம் அது.

ஓவனைப் பத்தி இந்த செட் இன்னும் பேசியிருக்கணும்னு கோபமா இருந்தேன். ஆனா அவர் மனைவி மார்த்தா தன் கணவர் படத்தையும் பேரையும் வெச்சு அந்தக் கம்பெனி சம்பாதிக்கக் கூடாதுன்னு உறுதியா நின்னவங்க. 2010ல ஹார்ட் குடும்பத்தைப் பத்தி 'ஹார்ட் அண்ட் சோல்'னு ஒரு செட் வந்தப்போ வழக்கே போட்டாங்க. 2013ல சமரசமா முடிஞ்சுது. அதைப் படிச்சதுக்கு அப்புறம் என் கோபம் அடங்கிப்போச்சு. நமக்குப் பாக்கணும்னு ஆசை இருக்கலாம். அந்தம்மாவுக்கு அது வீட்டுச் சாவு.

கல்கரி அண்ணே, அந்தப் பெரியவர் இன்னும் தொடர்புல இருந்தா அவர் நேர்ல பாத்த ஸ்டாம்பீட் ஆட்டங்களைக் கேட்டு எழுதுங்க. ஸ்டாம்பீட்ல இருந்த டைனமைட் கிட்கூட பிரெட் ஆடினதைப் பாத்திருக்காரான்னு முதல்ல கேளுங்க.