சர்வே மதிப்பெண் ஏறுகிறது, சம்பவ அறிக்கை குறைகிறது: எதை நம்புவது?

லூப்லைன்:
ரயில் இயக்கும் கம்பெனிகளில் பாதுகாப்புப் பண்பாட்டை அளக்க ஆண்டுக்கொரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது. அதே டிப்போக்களில், நூலிழையில் தப்பிய சம்பவங்களை ஓட்டுநர்கள் தாமாக எழுதித் தருவது குறைகிறது. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கிலோமீட்டர்_கல்:
அவசரப்படாதீர்கள். தவறு குறைந்திருக்கலாம், சொல்லப் பயந்தும் இருக்கலாம். பிரித்தறிய, வண்டியின் வேகம், பிரேக் எல்லாவற்றையும் தானாகப் பதியும் கருவியான டேட்டா ரெக்கார்டரில் ஒரு மாதப் பதிவை எடுங்கள். வேக மீறல், பிளாட்பாரம் தாண்டி நின்றது, அவசர பிரேக் மூன்றையும் எண்ணி, அவற்றில் எத்தனையை ஓட்டுநரே முதலில் சொன்னார் என்று பாருங்கள். அந்த விகிதம் சர்வேயைவிட நேர்மையானது. கணக்கு டிப்போ அளவில் நிற்கட்டும், பெயர் வேண்டாம். ரெக்கார்டரை வைத்து ஆளைப் பிடித்தால் அடுத்த மாதமே இந்த அளவுகோலும் கெட்டுவிடும்.

பயம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் அமகசாகி ரயில் விபத்து, 2005 ஏப்ரல் 25. இதாமி நிலையத்தில் வண்டி 72 மீட்டர் தாண்டி நின்றது. ஓட்டுநர் குறைத்துச் சொல்லக் கேட்டதால், கார்டு கட்டுப்பாட்டு அறைக்கு 8 மீட்டர் என்றார். ரேடியோவில் ஓடிய அந்தப் பேச்சில் ஓட்டுநரின் கவனம் போயிருக்கலாம் என்றது விசாரணை. மணிக்கு 70 கி.மீ. வரம்புள்ள வளைவில் 116 கி.மீ. வேகம், வண்டி தடம் புரண்டு ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தவறியவரைத் தண்டனைபோன்ற ‘மறுபயிற்சி’யில் உட்காரவைக்கும் வழக்கம் அந்த வண்டியை இயக்கிய கம்பெனியில் இருந்தது.

கேபின்மாடி:
சர்வேயைத் தூக்கிப்போட வேண்டாம், சராசரியைத் தூக்கிப்போடுங்கள். டிப்போவாரியாக, பணிவாரியாகப் பிரியுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவைத் தனியாகக் காட்டினால் ஆள் தெரிந்துவிடும். தாள் மேற்பார்வையாளர் கைக்குத் திரும்பவே கூடாது. “பாதுகாப்புதான் முதலிடமா?” என்று கேட்டால் எவர் இல்லை என்பார்? “கடைசியாக எழுதிக்கொடுத்த குறைக்குப் பதில் வந்ததா, எத்தனை நாளில்?” என்று கேளுங்கள்.

ஹோம்சிக்னல்:
அறிக்கை நிறைய வந்தாலும் மயங்க வேண்டாம். லண்டன் லாட்புரோக் குரோவில் எஸ்.என்.109 சிக்னலைச் சிவப்பில் தாண்டியது முந்தைய ஆறாண்டுகளில் 8 முறை பதிவானது. சிக்னல் கண்ணுக்குச் சரியாகப் படாததை யாரும் தீர்க்கவில்லை. 1999 அக்டோபரில் அதே சிக்னலைச் சிவப்பில் தாண்டிய ரயில் இன்னொரு ரயிலோடு மோதி 31 பேர் இறந்தார்கள். ஆகவே அறிக்கை வந்த நாளிலிருந்து களத்தில் திருத்தம் நடந்த நாள்வரை எண்ணுங்கள். “அறிவுறுத்தப்பட்டது” என்று கோப்பை மூடியதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், பல கோப்புகள் அப்படித்தான் மூடப்படும். பிரிட்டன் ரயில் ஒழுங்குமுறை அமைப்பின் ஆர்.எம்.3 என்ற அளவுகோல், ஒரு கம்பெனி ஆபத்துகளை எவ்வளவு நன்றாகக் கையாள்கிறது என்பதை ஐந்து படிகளில் மதிப்பிடுகிறது. அதிலும் மொத்த மதிப்பைவிட எந்த அம்சம் கீழ்ப்படியில் கிடக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.