பொம்மை கார் கிரிஸ்டல், பிசி547 ஆசிலேட்டர்... ஓடவே மாட்டேங்குது

கத்துக்குட்டி:
எல்லாருக்கும் வணக்கம். பையனோட உடைஞ்ச ரிமோட் கார்ல இருந்து 27.145 (மெகாஹெர்ட்ஸ்)னு போட்ட கிரிஸ்டல், அதான் குறிப்பிட்ட வேகத்துல அதிர்ற குவார்ட்ஸ் துண்டு, ஒண்ணு கழட்டி, சால்டர் இல்லாம சொருகற ப்ரெட்போர்ட்ல கோல்பிட்ஸ்ங்கற வகை ஆசிலேட்டர் (தானா அதிர்வு உண்டாக்கற சர்க்யூட்) போட்டேன். சர்க்யூட் படத்துல இருந்த டிரான்சிஸ்டர் பிஎன்2222, கையில இருந்தது பிசி547, ரெண்டும் என்பிஎன் வகை தானே, பேஸ், எமிட்டர், கலெக்டர்னு மூணு கால் தானேனு அதே இடத்துல அப்படியே சொருகிட்டேன். பேஸுக்கு மேலயும் கீழயும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர், எமிட்டர்ல 1 கிலோ ஓம், 100 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு, கிரிஸ்டல் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, கலெக்டர் நேரா சப்ளைக்கு, டபுள் ஏ பேட்டரி நாலு. அதிர்வெண் காட்டற கவுண்ட்டர் கிட்ல வெறும் சைபர். மூணு ராத்திரியா இதான் வேலை, வீட்ல செம திட்டு. பேஸ்ல 1.3 வோல்ட், எமிட்டர்ல 0.6, வித்தியாசம் 0.7 வருதே, அப்ப டிரான்சிஸ்டர் நல்லாதானே இருக்கு?

ஈயப்புகை:
கிரிஸ்டல் கீழ விழுந்துச்சா? உள்ள இருக்கற குவார்ட்ஸ் தகடு கீறல் விட்டா அவ்ளோதான். அந்த கெப்பாசிட்டர் மேல 101னு (அதான் 100 பிக்கோ) இருக்கா 104னு இருக்கானும் லென்ஸ் வச்சு பாருங்க, 104னா ஆயிரம் மடங்கு ஜாஸ்தி, நான் அதுல ஒரு முழு ஞாயித்துக்கிழமையை தொலைச்சவன்.

பழைய வால்வு:
கிரிஸ்டல் பாவம், அதை விடுங்க. 6 வோல்ட்டை ரெண்டு 33 கிலோ ஓம் பாதியா பிரிச்சா பேஸ்ல 3க்கு கொஞ்சம் கம்மியா நிக்கணும், உங்களுக்கு 1.3க்கு சரிஞ்சிருக்கு, அதாவது பேஸ் கரண்ட்டை கன்னாபின்னானு குடிக்குது. காலை திருப்பிப் போட்டிருக்கீங்க. தட்டையான பக்கம் நம்மளப் பாத்து, கால் கீழ இருந்தா, பிசி547 இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222 அப்படியே உல்டா. தலைகீழா போட்டாலும் டிரான்சிஸ்டர் அரைகுறையா வேலை செய்யும், கெய்ன் (பெருக்கற சக்தி) தான் இருக்காது, அதனால அந்த 0.7ஐ நம்பி ஏமாந்துடாதீங்க.

கத்துக்குட்டி:
அய்யோ ஆமா சார்!! திருப்பிப் போட்டேன், பேஸ் 2.8, எமிட்டர் 2.1, கிரிஸ்டலை புடுங்கினா எமிட்டர் வோல்டேஜ் லேசா நகருது, கவுண்ட்டரும் ஓடுது. ஆனா 9.04 காட்டுது?? 27 எங்க போச்சு?

பழைய வால்வு:
எங்கயும் போகல. அந்த மாதிரி 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பெரும்பாலும் மூணாவது ஓவர்டோன்ல, அதாவது அடிப்படை அதிர்வை விட சுமார் மூணு மடங்கு வேகத்துல, ஓடறதுக்குனு வெட்டினது, தகட்டோட அடிப்படை அதிர்வு சுமார் 9 மெகாஹெர்ட்ஸ் தான், உங்க சர்க்யூட்ல டியூன் பண்ண காயில் எதுவும் இல்லாததால அது பாட்டுக்கு சுலபமான இடத்துல ஓடுது. துல்லியமா மூணுல ஒண்ணாவும் இருக்காது. எமிட்டர்ல இருந்து கிரவுண்டுக்கு போற 100 பிக்கோவுக்கு பேரலலா 0.82 மைக்ரோஹென்றி காயில் போடுங்க, காயிலோட சீரிஸ்ல ஒரு 103 கெப்பாசிட்டர் கண்டிப்பா வேணும், இல்லாட்டி எமிட்டர் டிசி நேரா கிரவுண்டுக்குப் போயிடும். அந்த 100 பிக்கோவும் காயிலும் சேர்ந்த ஜோடி 17, 18 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) ஆகும், அதுக்கு கீழ 9ல அது கெப்பாசிட்டரா நடந்துக்காது, ஆசிலேட்டர் ஓட வேண்டிய ஃபீட்பேக் (திரும்பி வர்ற சிக்னல்) கிடைக்காம 9 படுத்துரும், 27ல மட்டும் கிடைக்கும். இதை ப்ரெட்போர்ட்ல வேண்டாம், பொதுப்பயன் பிசிபில (சர்க்யூட் அட்டை) கால் குட்டையா வச்சு சால்டர் பண்ணுங்க. கவுண்ட்டர் ஒயரை எமிட்டர்ல 10 பிக்கோ வழியா எடுங்க, பேஸ்ல தொட்டா ஓடறதும் நின்னுடும்.