விக்கா நெறிக்கு மாற யோசிக்கிறேன், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடியில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பம், ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு என்றே வளர்ந்தவள். இப்போது மனம் விக்கா பக்கம் போகிறது. 1950களில் இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் வெளியுலகுக்குக் கொண்டுவந்த, இயற்கையை வழிபடும், மந்திரச் சடங்குகளும் உள்ள நெறி அது. பெண் தெய்வமும் பௌர்ணமி வழிபாடும்தான் என்னை இழுத்தன. இயேசுவின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அதனால்தான் முடிவெடுக்க இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

விக்காவின் எட்டுப் பண்டிகைகளும் ஐரோப்பியப் பருவங்களை ஒட்டியவை. அக்டோபர் 31 அங்கே அறுவடை முடியும் காலம், இங்கே மழைக்காலம். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் யாராவது தனியாகக் கடைப்பிடிக்கிறீர்களா? நாட்களை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

அப்புறம், அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சூனியம் என்று பயந்துவிடுவார். மதம் மாறியவர்கள் வீட்டில் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.