மறுமொழி: பிளேஸ்கிக்கர் - ஊன்றுதையாளர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

'பிளேஸ்கிக்கர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டு இழையைத் தொடங்கியவன் நான்தான் என்பதால், வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். இந்தச் சொல் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரொபெர்ட்டோ அகுவாயோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபிளாரிடாவில் மாஸ்காட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர்; பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தைச் சிறுவயதில் ஆடிப் பழகிய கால் அவருடையது. 2013இல் ஃபிளாரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவர் ஆடிய முதல் பருவத்தைப் பாருங்கள்: ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) முயற்சிகள் 22, அதில் 21 உள்ளே. டச்டவுனுக்குப் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதற்கு) பிறகு வரும் ஒரு புள்ளிக் கூடுதல் உதை 94, அத்தனையும் உள்ளே. கோலுக்கு மூன்று வீதம் 63, அதோடு 94, ஆக 157 புள்ளி. கல்லூரி ஆட்டத்தில் ஓர் உதையாளர் ஒரே பருவத்தில் அவ்வளவு எடுத்தது அதுவே முதல் தடவை.

இவரைக் கட்டுரையின் முதல் வரியில் என்னவென்று அறிமுகப்படுத்துவது? வெறும் 'உதையாளர்' போதாது. அதே அணியில் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கும் 'பன்ட்' அடிப்பவரும் உதையாளர்தான்.

> இடவுதையாளர் என்று வைக்கலாமே. பிளேஸ் என்றால் இடம்தானே?

இல்லை ஐயா. இங்கே பிளேஸ் என்பது இடத்தைக் குறிக்கவில்லை, பந்தைத் தரையில் வைப்பதைக் குறிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. இடக்கை, இடக்கால் என்று படித்துப் பழகிய கண் 'இடவுதை'யைப் பார்த்தால் இடது காலால் உதைப்பது என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

உதையில் மூன்று வகை உண்டு. பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடுமுன் உதைப்பது பன்ட். தரையில் பட்டு எழும்பும்போது உதைப்பது டிராப் கிக். தரையில் ஊன்றி நிறுத்திய பந்தை உதைப்பதுதான் நம்முடையது. அதனால் விட்டுதை, துள்ளுதை, ஊன்றுதை என்று மூன்றையும் சேர்த்தே வைக்கலாம் என்பது என் கருத்து. ஊன்று + உதை = ஊன்றுதை; உகரம் கெட்டு இயல்பாகச் சேர்கிறது, வாயிலும் தடங்கலில்லை. ரக்பிக்கும் இந்த மூன்று சொற்களும் அப்படியே பொருந்தும்.

> ஊன்றுவது பந்தையா, காலையா? குழப்பம் வராதா?

இந்தக் கேள்விக்காக அக்காவுக்குத் தனியாக நன்றி. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்தப் பந்து நீள்வட்டம், தானாக முனையில் நிற்காது. தொடக்க உதைக்கு 'டீ' என்ற சிறு தாங்கி உண்டு. ஆனால் ஃபீல்டு கோலுக்குக் கல்லூரி ஆட்டத்தில் 1989 முதல் தாங்கி கூடாது. ஆகவே ஒருவர் முழங்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஏழு கஜம் முன்னால் நிற்பவர் தன் கால்களுக்கிடையே பின்னோக்கி எறிந்த பந்து வரும். பிடித்து, ஒரு முனையைப் புல்லில் ஊன்றி, மேல்முனையை ஒரு விரலால் அழுத்தி, தையல் பக்கம் கோல் கம்பத்தை நோக்கியிருக்கும்படி திருப்பிவிடுவார். அதற்குள் உதைப்பவர் ஓடி வந்து, மறுகாலைப் பந்தின் பக்கத்தில் ஊன்றி, காலை வீசியிருப்பார். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1.3 வினாடி. பந்து ஊன்றப்படுகிறது, காலும் ஊன்றப்படுகிறது. இரண்டில் எது பிசகினாலும் பந்து கம்பத்துக்கு வெளியே போகும். ஆகவே இரட்டைப் பொருள் இந்தச் சொல்லுக்குப் பலம்தான்.

> உதைஞர் என்று முடித்தால் சுருக்கமாக இருக்குமே.

சுருக்கம்தான். ஆனால் பந்துவீச்சாளர், மட்டையாளர் என்று விளையாட்டுப் பக்கங்களில் '-ஆளர்' ஊறிவிட்டது. அந்த வரிசையில் ஊன்றுதையாளர் என்றால் புதிதாகப் படிப்பவருக்கும் இது ஆட்டக்காரரைக் குறிக்கிறது என்று உடனே பிடிபடும். உதை என்ற வேர் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஒருவர் வருந்தியிருந்தார். இலங்கையில் ஆட்டத்தின் பெயரே உதைபந்தாட்டம்தானே, அது யாருக்கும் உறுத்தவில்லையே.

> ஃப்ரெஷ்மேன் = முதலாண்டு மாணவர். இதில் விவாதமே வேண்டாம்.

2013இல் அகுவாயோவை ஆங்கிலத்தில் ஃப்ரெஷ்மேன் என்றுதான் சொன்னார்கள்; இதில்தான் விவாதம் வேண்டும். அகுவாயோ 2012இலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அப்போது அணியில் டஸ்டின் ஹாப்கின்ஸ் என்ற தேர்ந்த மூத்த ஊன்றுதையாளர் இருந்தார். அந்த ஆண்டு அகுவாயோ பயிற்சி மட்டும் செய்தார், ஆட்டத்தில் இறங்கவில்லை; ஆடத் தகுதியுள்ள நான்கு பருவங்களும் அவருக்கு அப்படியே மிஞ்சின. இதை அங்கே ரெட்ஷர்ட் என்பார்கள். ஆக 2013இல் படிப்பில் இரண்டாம் ஆண்டு, ஆட்டத்தில் முதலாண்டு. 'முதலாண்டு மாணவர்' என்று எழுதினால் தகவலே பிழை. 'முதற்பருவ ஆட்டக்காரர்' என்று எழுதிவிட்டு, முந்தைய ஆண்டைக் 'காத்திருப்பு ஆண்டு' என்று சொல்லலாம். சிவப்புச் சட்டை என்று மட்டும் தயவுசெய்து பெயர்க்க வேண்டாம்.

> பொருட்படுத்த ஒரு புள்ளிதானே, அதற்கு இவ்வளவு பேச்சா?

2014 ஜனவரி 6, பாசடினா ரோஸ் பவுல் அரங்கு, தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். 13 வினாடி மிச்சமிருக்கும்போது ஃபிளாரிடா ஸ்டேட் டச்டவுன் போட்டு 33-31 என்று முந்தியது. அடுத்த உதை அகுவாயோவுடையது, 34-31. எதிரணியான ஆபர்ன் இனி ஒரு ஃபீல்டு கோல் போட்டால்கூடச் சமன்தான் செய்ய முடியும், வெல்ல முடியாது என்று ஆக்கியது அந்த ஒரு புள்ளி. அன்று அணி எடுத்த 34இல் பத்து அவர் காலிலிருந்து வந்தவை.

அந்தப் பருவத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி உதையாளருக்கான லூ குரோசா விருதும் அவருக்குத்தான். விருதுக்குப் பெயர் தந்த குரோசா நேர்கோட்டில் ஓடிவந்து கால்விரல் நுனியால் உதைத்த தலைமுறை. அகுவாயோ போன்றவர்கள் பக்கவாட்டில் வந்து புறங்காலால் உதைக்கிறார்கள்; ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது பரவத் தொடங்கிய முறை இது. இந்த இரண்டுக்கும் விரலுதை, புறங்காலுதை என்று எழுதியிருக்கிறேன்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பந்தை ஊன்றிக் கொடுக்கும் அந்த ஆளுக்கு 'ஊன்றுநர்' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். 'பிடிப்பவர்' என்றால் கேட்ச் பிடிப்பவரோடு குழம்பும். வேறு நல்ல சொல் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை கட்டுரையை ஏற்றுகிறேன்.

அன்புடன்.